மிஸ்ஸி சொன்னால் கேட்க வேண்டும்!

(தாதிமைத் தொழிலின் நெறியும் அதற்குள்ள தடைகளும் குறித்துத் தொலைக்காட்சி கருத்தரங்கில் ஜொகூர் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் தாதி அல்ல. மருத்துவரும் அல்ல. மாஸ் கம்யூனிகேஷனில் டிப்ளோமா முடித்துவிட்டு, கேமராவுக்கு முன்னால் நின்று பேசுவதைத் தொழிலாகக் கொண்டவள். தாதிமையைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. நான் ஒரு நோயாளியின் மகள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, ஜொகூரில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் இரவு. மணி இரண்டு இருக்கும். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும் ஒரு தாதி வந்தார். அம்மாவின் நெஞ்சையும் தம் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். போகவே இல்லை.

எனக்கு எரிச்சல். "என்னம்மா, எல்லாம்தான் மெஷின்ல தெரியுதே, தூங்கறவங்களை ஏன் பார்த்துக்கிட்டே நிக்கிற?" என்று கேட்டுவிட்டேன்.

"அக்கா, அம்மாவுக்கு மூச்சு வேகமா இருக்கு. பத்து மணிக்கு ஒரு நிமிஷத்துக்கு 18 இருந்துச்சு. இப்ப 26" என்றார்.

அவர் போய் மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசினார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது போலிருக்கிறது. முகம் வாடித் திரும்பினார். அரை மணி நேரத்தில் மறுபடி வந்து எண்ணினார். 28. மறுபடி அழைத்தார். இந்த முறை அவர் குரல் எனக்கே கேட்டது. நடுங்கிய குரல்தான். ஆனாலும், "டாக்டர், நீங்க வந்து பார்க்கணும்" என்று சொல்லிவிட்டார். மருத்துவர் வந்தார். நுரையீரலில் தொற்று, அது இரத்தத்தில் பரவத் தொடங்கியிருந்தது. விடிவதற்குள் அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். இன்று நலமாக இருக்கிறார். வீட்டில் இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டும் இருப்பார்.

அம்மா வீடு திரும்பிய நாளில் மருத்துவருக்குப் பழக்கூடை வாங்கிக் கொடுத்தோம். கும்பிட்டு நன்றி சொன்னோம். அந்தத் தாதிக்கு? ஒன்றும் செய்யவில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அத்தனை நாளும் "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்றுதான் கூப்பிட்டேன்.

எந்த மருத்துவமனையையும் குறை சொல்வதற்காக இதை நான் இங்கே சொல்லவில்லை. எந்த ஊரிலும் எந்த வார்டிலும் நடக்கக்கூடியதுதான். அந்தப் பெண் ஏன் நடுங்க வேண்டியிருந்தது என்பதே என் கேள்வி. அவர் சொன்னது சரி. எண்ணிக்கை கையில் இருந்தது. பிறகு எதற்குப் பயம்? இன்றைய தலைப்புக்கு உரிய விடை இந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

வேலை வேறு, தொழில் நெறி வேறு

ஆங்கிலத்தில் 'புரொபெஷனலிசம்' என்கிறார்கள். நாம் தொழில் நெறி என்று வைத்துக்கொள்வோம். தாதிமையில் தொழில் நெறி என்றவுடன் நம்மில் பலருக்கு மனத்தில் தோன்றுவது என்ன? சுத்தமான சீருடை, சிரித்த முகம், இனிமையான பேச்சு. இவை வேண்டியவைதான். ஆனால் இவை மட்டும் போதுமென்றால், நல்ல உணவகத்தில் பரிமாறுபவருக்கும் தாதிக்கும் என்ன வேறுபாடு?

ஒரு தொழிலுக்கு நான்கு அடையாளங்கள் உண்டு. ஒன்று, முறையாகப் படித்துப் பெற்ற அறிவு. இரண்டு, அந்த அறிவைக் கொண்டு தானே முடிவெடுக்கும் திறன். மூன்று, தவறு நேர்ந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கு, 'இது சரியில்லை' என்று வாய் திறந்து சொல்லும் உரிமை. முதல் மூன்றையும் நாம் தாதியரிடம் கேட்கிறோம். நான்காவதை மட்டும் கொடுக்க மறுக்கிறோம்.

நம் நாட்டில் தாதியர் சட்டம் 1950ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மலாயா சுதந்திரம் பெறுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே! மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு பெறாமல் இங்கே யாரும் தாதியாகப் பணியாற்ற முடியாது. தொழிற்சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்ந்து பயிற்சிகளுக்குப் போய்ப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். தவறு செய்தால் வாரியம் விசாரிக்கும். பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கலாம். இத்தனையும் ஒரு தொழில்துறையின் இலக்கணம். சட்டம் அவரைத் தொழிலர் என்கிறது. வார்டில் நாம் அவரைக் கையாள் என்று நினைக்கிறோம்.

விளக்கு நினைவிருக்கிறது, ஏடு மறந்துவிட்டது

ஒவ்வோர் ஆண்டும் மே 12ஆம் தேதி அனைத்துலகத் தாதியர் தினம். 1820இல் அந்த நாளில் பிறந்தவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். கிரைமியப் போரின்போது 1854இல் துருக்கியின் ஸ்குடாரி மருத்துவமனைக்குப் போய்ப் போர்வீரர்களைப் பராமரித்தவர். 'கை விளக்கேந்திய காரிகை' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவர் கையில் இருந்த விளக்கு நமக்கு நினைவிருக்கிறது. இன்னொரு கையில் இருந்த கணக்கேட்டை மறந்துவிட்டோம்.

வீரர்கள் எதனால் சாகிறார்கள் என்று அவர் எண்ணினார். போர்க்காயத்தால் இறந்தவர்களைவிட, தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிக அதிகம் என்பதை வரைபடமாகப் போட்டு அரசாங்கத்துக்குக் காட்டினார். 1858இல் இலண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. அச்சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் அவரே. 1860இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடக்கிவைத்தார். அதாவது, நவீன தாதிமையின் தாய் அன்பால் மட்டும் பேர் வாங்கியவர் அல்லர். எண்ணினார், எழுதினார், அதிகாரத்தில் இருந்தவர்களிடம் 'இது சரியில்லை' என்று சொன்னார். இரவு இரண்டு மணிக்கு என் அம்மாவின் மூச்சை எண்ணிய அந்தப் பெண் அதே பரம்பரையில் வந்தவர்.

மூச்சை எண்ணுவது சின்ன வேலை என்று எண்ண வேண்டாம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு இருப்பது இயல்பு. 25ஐத் தொட்டுவிட்டால் அபாயச் சங்கு. பல நோயாளிகளுக்கு இரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே மூச்சு மாறிவிடும். பிரிட்டனில் 2012ஆம் ஆண்டு முதல் இதற்கென்று ஒரு புள்ளி முறையே வைத்திருக்கிறார்கள். மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், ஆக்சிஜன், உடல் வெப்பம், நினைவு நிலை ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கூட்டுத்தொகை ஓர் அளவைத் தாண்டினால் மருத்துவரை அழைத்தே ஆக வேண்டும். அங்கே தாதி கெஞ்ச வேண்டியதில்லை. எண்ணே பேசும்.

நம் நாட்டிலேயே ஒரு வெற்றிக் கதை

இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுக்குத்தான் சரிப்படும் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். நம் நாட்டிலேயே அருமையான எடுத்துக்காட்டு உண்டு. இங்கே இருக்கும் தாய்மார்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

கர்ப்பமாக இருக்கும்போது அரசாங்க கிளினிக்கில் கொடுக்கும் புத்தகத்தில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், நினைவிருக்கிறதா? வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு. வெள்ளை என்றால் தாதியே பார்த்துக்கொள்ளலாம். பச்சை என்றால் கிளினிக் மருத்துவர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் மருத்துவமனைக்கு, நிபுணரிடம் அனுப்ப வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். கிராமத்திலும் தோட்டப்புறத்திலும் அந்தத் தாயை முதலில் பரிசோதித்து ஸ்டிக்கரை ஒட்டுபவர் யார்? தாதிதான். அவர் சிவப்பை ஒட்டிவிட்டால், 'நீ யார் சொல்ல?' என்று எவரும் கேட்பதில்லை. ஆம்புலன்ஸ் புறப்படுகிறது.

நாடு சுதந்திரம் பெற்ற 1957இல் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ 280 தாய்மார்கள் உயிரிழந்தார்கள். 2000ஆம் ஆண்டுகளில் அது ஏறத்தாழ 30 ஆகக் குறைந்திருந்தது. சாலை, மின்சாரம், கல்வி, இரத்த வங்கி என்று பல காரணங்கள் இதற்கு உண்டு. ஆனால் ஊர் ஊராகப் போன பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் கிராமத் தாதியரும் இல்லாமல் இது நடந்திருக்காது என்பதை உலக வங்கியே மலேசியாவையும் இலங்கையையும் முன்மாதிரியாகக் காட்டி 2003இல் நூலாக வெளியிட்டது.

இதிலிருந்து நான் புரிந்துகொள்வது இதுதான். தாதிக்கு அறிவும் கொடுத்து, முடிவெடுக்கும் அதிகாரமும் கொடுத்தால் உயிர்கள் பிழைக்கின்றன. கிளினிக்கில் அவர் ஒட்டும் ஸ்டிக்கருக்கு உள்ள மரியாதை, வார்டில் அவர் வாய்ச்சொல்லுக்கு ஏன் இல்லை?

முதல் தடை: ஆள் பற்றாக்குறை

அரசாங்க மருத்துவமனைகளில் தாதியர் வேலை நேரம் பொதுவாக மூன்று முறையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். காலை 7 முதல் பிற்பகல் 2 வரை, பிற்பகல் 2 முதல் இரவு 9 வரை, இரவு 9 முதல் மறுநாள் காலை 7 வரை. இரவு வேலை என்றால் முழுதாகப் பத்து மணி நேரம். ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்கும்போது ஆள் சரியா, மருந்து சரியா, அளவு சரியா, நேரம் சரியா, கொடுக்கும் வழி சரியா என்று ஐந்தையும் பார்க்க வேண்டும். அசைய முடியாதவரைப் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சொட்டு மருந்து, சிறுநீர் அளவு, காயத்துக்குக் கட்டு, இதற்கெல்லாம் எழுத்து வேலை. நடுவில் ஒரு நோயாளியின் மகன், "ஏன் இன்னும் தண்ணீர் வரவில்லை?" என்று சத்தம் போடுவார். இத்தனைக்கும் நடுவே ஒருவருடைய மூச்சை முழுதாக ஒரு நிமிடம் நின்று எண்ணுவதற்கு எங்கே நேரம்?

இது வெறும் மனக்குறை அல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்டா ஐக்கன் தலைமையிலான குழு, 9 ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட நான்கு லட்சத்துக்கும் அதிகமானோரின் விவரங்களைப் பார்த்தார்கள். ஒரு தாதி கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்று கண்டார்கள். பட்டம் படித்த தாதியரின் பங்கு 10 விழுக்காடு உயர்ந்தால் அந்த வாய்ப்பு 7 விழுக்காடு குறைகிறது என்றும் கண்டார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகளுக்கு மேல் கூடாது என்று 1999இல் சட்டமே இயற்றி, 2004 முதல் நடைமுறைப்படுத்தியது.

நம் நாட்டிலோ 2024லும் 2025லும் பெரிய விவாதம் எதைப் பற்றி நடந்தது? தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக உயர்த்துவதைப் பற்றி! மற்ற அரசாங்க ஊழியர்களுக்கு அதே நேரம்தானே என்று கேட்டவர்கள் உண்டு. அலுவலக மேசையில் ஒரு மணி நேரமும், இரவு வார்டில் பத்தாவது மணி நேரமும் ஒன்றா என்று தாதியர் கேட்டார்கள். அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது தடை: ஜொகூர் பாலம்

ஜொகூரில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் இருக்க முடியுமா? விடியற்காலை நான்கு மணிக்கே பாலத்தை நோக்கி மோட்டார் சைக்கிள்கள் வரிசை பிடிக்கின்றன. அதில் தாதியரும் உண்டு. அந்தப் பக்கத்துச் சம்பளத்தை மூன்றால் பெருக்கிப் பார்த்தால், குடும்பத்தைத் தாங்கும் பெண் வேறு எந்த முடிவுக்கு வருவார்? 2024இல் சிங்கப்பூர் அரசாங்கம், பொது மருத்துவத் துறையிலேயே நீடிக்கும் தாதியருக்கு 20 ஆண்டுக் காலத்தில் ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை கொடுக்கும் ஒரு திட்டத்தையே அறிவித்தது. கோவிட் காலத்தில், 2020 மார்ச் மாதம் எல்லை மூடப்பட்டபோது, அந்தப் பக்கம் வேலை செய்த எத்தனையோ மலேசியத் தாதியர் மாதக்கணக்கில் பிள்ளைகளைப் பார்க்க முடியாமல் அங்கேயே தங்கி நோயாளிகளைக் கவனித்தார்கள்.

எங்கள் உறவில் ஒரு தங்கை அங்கே வேலை செய்கிறார். "பணத்துக்காகத்தானே போனாய்?" என்று கேட்டேன். "பணமும்தான் அக்கா. ஆனால் அங்கே நான் ஒரு விஷயத்தைச் சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள். மேற்கொண்டு படிக்கிறாயா என்று கேட்கிறார்கள்" என்றார். இதுதான் என்னை யோசிக்க வைத்தது. சிங்கப்பூரோடு சம்பளத்தில் போட்டி போட நம்மால் உடனே முடியாமல் போகலாம். மரியாதையில் போட்டி போட அந்நியச் செலாவணி தேவையில்லையே!

நம் திட்டமிடலிலும் கோளாறு உண்டு. 2010ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தனியார் கல்லூரிகள் தாதிமை டிப்ளோமா வகுப்புகளைக் கடை விரித்தாற்போல் நடத்தின. கல்விக் கடன் வாங்கிப் படித்த நம் பிள்ளைகள் பலர் வேலை கிடைக்காமல் வேறு வேலைக்குப் போனார்கள். இன்று தாதியர் போதவில்லை என்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கைப்படி உலக முழுவதும் ஏறத்தாழ 58 லட்சம் தாதியர் பற்றாக்குறை இருக்கிறது. ஒரு காலம் மிகுதி, ஒரு காலம் பஞ்சம். இப்படி ஊசலாடும் துறையில் தொழில் நெறி எப்படி வேர் பிடிக்கும்?

மூன்றாவது தடை: மேல் கீழ் என்ற சுவர்

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவர் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர் சொல்வதுதான் வேதவாக்கு. பெரிய டாக்டர் எப்போதாவதுதான் வருவார். டிரெஸர் "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்றால் லயத்தில் எல்லோரும் கேட்டார்கள். ஆனால் அதே ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட பெண்ணை ஏவல் செய்யும் ஆயாவாகத்தான் பார்த்தோம். அந்தப் பார்வை இன்னும் போகவில்லை.

தமிழில் 'தாதி' என்ற சொல்லுக்கே பணிப்பெண் என்ற பொருளும் உண்டு. தமிழகத்தில் 'செவிலியர்' என்கிறார்கள். சங்க இலக்கியத்தில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்து, அவள் முகம் வாடினால் முதலில் கண்டுபிடிப்பவள். பெயர் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். அருகில் இருப்பவளுக்குத்தான் முதலில் தெரியும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

மருத்துவர் ஒரு நோயாளியை ஒரு நாளில் சில நிமிடம் பார்க்கிறார். தாதி நாள் முழுதும் பார்க்கிறார். ஆனால் 'தேவையில்லாமல் எழுப்பிவிட்டாய்' என்ற ஒரு வசவு போதும், அடுத்த முறை அழைக்க வேண்டிய கை பின்வாங்கிவிடும். நான் படித்த படிப்பில் முதல் பாடம், சேர வேண்டியவரிடம் சேராத செய்தி செய்தியே அல்ல என்பது. மருத்துவமனையில் அப்படிச் சேராத செய்திக்கு விலை ஓர் உயிர்.

இதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையில் பயன்பட்ட ஒரு முறையை மருத்துவமனைகள் எடுத்துக்கொண்டன. மருத்துவரை அழைக்கும்போது நான்கு செய்திகளை வரிசையாகச் சொல்ல வேண்டும். இப்போதைய நிலைமை என்ன, நோயாளியின் பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, நீங்கள் என்ன செய்ய வேண்டும். மூன்றாவதையும் நான்காவதையும் கவனியுங்கள். என் கணிப்பு! நீங்கள் செய்ய வேண்டியது! இதைச் சொல்லத் தாதிக்குப் பயிற்சி வேண்டும். கேட்க மருத்துவருக்கும் பயிற்சி வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நன்றாக வேலை செய்யும் தாதிக்குப் பதவி உயர்வு வந்தால் அவர் சிஸ்டராகி, மேட்ரனாகி, மேசைக்குப் போய்விடுகிறார். நோயாளியின் கட்டிலருகே இருந்தபடியே உயர்வதற்கான படிகள் குறைவு. இருபது ஆண்டு அனுபவம் கோப்புகளுக்குள் போய்விடுகிறது. வார்டில் புதியவர்கள் தனியாக நிற்கிறார்கள்.

நான்காவது தடை: நாம்தான்

இரவு வேலைக்குப் போகும் பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் தயங்குவதை நான் கேட்டிருக்கிறேன். 'மலம் அள்ளுகிற வேலை' என்று சொன்னவர்களும் உண்டு. தமிழ் மண்ணில், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில், 1909இலேயே தாதியர் பள்ளி தொடங்கி 1946இல் பட்டப்படிப்பும் வந்துவிட்டது. ஒரு காலத்தில் நம் நாட்டு மருத்துவமனைகளில் யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண்களும் மலையாளப் பெண்களும் தாதியராகப் பெயர் எடுத்தார்கள். அந்தப் பெருமையை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுத்தோமா?

வார்டில் நம் நடத்தை எப்படி? கை தட்டிக் கூப்பிடுகிறோம். கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்து மிரட்டுகிறோம். பார்வை நேரம் முடிந்தும் பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நிற்கிறோம். மருத்துவர் வந்தால் எழுந்து நிற்கிறோம். அதே செய்தியைத் தாதி சொன்னால் 'டாக்டரைக் கூப்பிடு' என்கிறோம். அந்த இரவில் நானும் அதைத்தான் செய்தேன். அதை ஒப்புக்கொள்ளாமல் இந்த மேடையிலிருந்து இறங்க எனக்கு மனமில்லை.

2016 அக்டோபர் 25ஆம் தேதி காலையில் ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்ததை நாம் மறக்க முடியாது. ஆறு நோயாளிகள் உயிரிழந்தார்கள். இயந்திரங்களோடு பிணைக்கப்பட்டிருந்தவர்களைப் புகைக்கு நடுவே வெளியேற்றப் போராடியவர்களில் தாதியரும் இருந்தார்கள். அப்போது நாம் அவர்களைத் தியாகிகள் என்றோம். நல்லது. ஆனால் தியாகத்தைப் பாராட்டுவது எளிது. மறுநாள் காலையில் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் கடினம்.

தாதியருக்கு ஒரு வார்த்தை

நடுநிலையாகப் பேச வேண்டும் அல்லவா? தாதியரிடமும் குறை உண்டு. நோயாளி வலியில் முனகும்போது கவுண்டரில் கதை பேசுபவர்கள் இருக்கிறார்கள். மொழி தெரியாத பாட்டியிடம் எரிந்து விழுபவர்கள் இருக்கிறார்கள். எண்ணாமலேயே மூச்சு 20 என்று எழுதி வைப்பதும் நடக்கிறது. களைப்பு காரணமாகலாம், நியாயமாகாது. பேசும் உரிமை வேண்டுமென்றால் எண்ணும் கடமையை விடக்கூடாது. அந்தப் பெண்ணின் பேச்சுக்குப் பலம் வந்தது அவர் குரலால் அல்ல. 18, 26, 28 என்ற மூன்று எண்களால்தான். புதிதாக வரும் தங்கைகளை மிரட்டி வேலை வாங்கும் மூத்தவர்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் இன்று அடக்கும் வாய், நாளை ஒரு நோயாளிக்காகத் திறக்காமல் போய்விடும்.

என்ன செய்யலாம்?

சுகாதார அமைச்சும் மருத்துவமனைகளும் செய்ய வேண்டியவை மூன்று. ஒரு தாதிக்கு எத்தனை நோயாளிகள் என்று உச்ச வரம்பு வைத்து, அதை ஒவ்வொரு வார்டிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள். மருத்துவரைத் துணிந்து அழைத்த தாதியை, அழைத்தது தேவையற்றதாக முடிந்தாலும், யாரும் திட்டக்கூடாது என்று விதி செய்யுங்கள். கட்டிலருகே இருந்தே உயரும் பதவிப் படிகளையும், சம்பளத்தோடு மேற்படிப்புக்கு விடுப்பையும் கொடுங்கள்.

நாம் செய்ய வேண்டியதும் மூன்று. தாதியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளியிடம் வழக்கத்துக்கு மாறாக எதையாவது கண்டால் அவரிடம் அமைதியாகச் சொல்லுங்கள், அவருடைய கணிப்பைக் கேளுங்கள். புகார் எழுதத் தெரிந்த நமக்குப் பாராட்டுக் கடிதம் எழுதவும் தெரியட்டும். பெயர் போட்டு எழுதிய ஒரு கடிதம் அவருடைய கோப்பில் சேரும்.

நான் அந்தக் கடிதத்தை எழுதினேன். தாமதமாகத்தான். பெயர் தெரியாததால் தேதி, வார்டு, நேரம் குறிப்பிட்டு எழுதினேன். சில வாரங்கள் கழித்து, உரியவரிடம் தெரிவித்துவிட்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. அவர் இன்னும் அங்கேயே இருக்கிறாரா, பாலம் தாண்டிப் போய்விட்டாரா, எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும், இன்றிரவு ஒரு நோயாளியின் மூச்சை எண்ணிவிட்டு அவர் தொலைபேசியை எடுக்கும்போது அந்தக் குரல் நடுங்காமல் இருக்க வேண்டும். அதற்கு வேண்டியதைச் செய்வது நம் எல்லோருடைய பொறுப்பு.